கிடார் வரும் இடம்

எதிரே தவசியின் பிரசார வேன் பாட்டோடு வந்து நின்றபோது மணி நாலு ஐம்பது.

வீரபத்திரன் தன் வேனின் மேல் நின்று, மைக்கைப் பிடித்தபடி பார்த்தார். திருச்சுழி ரோட்டில் அந்த பஸ் நிறுத்தம் ஐந்து மணி வரை அவருக்குத்தான். போலீஸ் கொடுத்த அனுமதிக் கடிதம் ஒன்றியச் செயலாளர் பால்ச்சாமியின் சட்டைப் பையில் இருந்தது. தேர்தலில் வீரபத்திரனை எதிர்த்து நிற்கும் தவசிக்கு ஐந்துக்கு மேல்தான்.

கடிதத்தை எடுத்து ஆட்டினால் போதும். தவசி பாட்டை நிறுத்திவிட்டு ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

விட்டுக்கொடுக்கிற நேரமும் இல்லை. போன தடவை வீரபத்திரன் ஜெயித்ததே இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். அதில் நூற்றெண்பது இந்த ஊர் போட்டது. இந்தத் தடவை ஊர் முகம் கொடுத்தே பேசவில்லை. சாயங்காலமாகியும் தணியாத வெயிலில் அறுபது பேர் கடனே என்று நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு வந்த நாகஜோதி மட்டும் ரோட்டோரச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, அதன்மேல் நட்டிருந்த கல்லில் முதுகைச் சாய்த்திருந்தாள். தேர்தல் முடிகிறவரை எழுத்து தெரியக் கூடாது என்று அதிகாரிகள் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்த கல்.

வீரபத்திரன் கடிதத்தைக் கேட்கவில்லை.

தவசியின் வேனில் கிடாரோடு நின்றது சௌந்தர்.

அருப்புக்கோட்டை நெசவுக்காரர் வீட்டுப் பையன். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பேர். அதையே தன் ராக் குழுவுக்குப் பேராக வைத்துக்கொண்டு பெங்களூரைக் கலக்குகிறவன். தோள் வரைக்கும் முடி, காதில் கடுக்கன்.

வீரபத்திரனுக்கு வயது ஐம்பத்தெட்டு. நெற்றி நிறையத் திருநீறு. தினமும் காலையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பாதிக் கண்ணை மூடி நடப்பார். அண்ணன் சாமி பாட்டில் லயித்திருக்கிறார் என்று கட்சிக்காரர்கள் பயபக்தியோடு ஒதுங்கி வழிவிடுவார்கள்.

நாலு வருஷமாக அவர் கேட்டதெல்லாம் சௌந்தரின் கிடார்.

அது மனைவி ரேணுகாதேவிக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தவள், டாக்டரிடம் ஒரு எட்டு போய் வரலாமா என்று கேட்டாள்.

பிரசாரப் பாட்டுக்குச் சௌந்தரையே பிடிக்கலாம் என்று கட்சிக் கூட்டத்தில் வெட்கத்தை விட்டுச் சொல்லியும் பார்த்தார். சிரித்தார்கள். தவசி முந்திக்கொண்டார். பத்து நாளாகத் தவசியின் வேன் எட்டத்தில் போகும்போதெல்லாம் வீரபத்திரனுக்கு வயிறு எரிந்தது. ஓட்டு போகிறதே என்று எரிந்திருந்தால் கட்சிக்கு நல்லது. அவருக்குப் பாட்டு போகிறதே என்று எரிந்தது.

அந்தப் பாட்டுதான் இப்போது இருபதடி தூரத்தில். இரண்டாவது சரணம் முடியப் போகிறது. அது முடிந்ததும் கிடார் மட்டும் தனியாக வரும். காற்றில் கேட்டும் கேட்காமலும் அந்த இடம் அவருக்கு இன்றுவரை அரைகுறையாகத்தான் கிடைத்திருந்தது. வரிகளை அவர் எந்தப் பாட்டிலும் கவனிப்பதில்லை. வாய் தானாகக் கூடவே பாடிக்கொள்ளும்.

பால்ச்சாமி கடிதத்தை உருவினார். வீரபத்திரன் கையமர்த்தினார்.

"தம்பி வாசிச்சு முடிக்கட்டும்யா. அப்புறம் நாம பேசிக்கிருவோம்," என்றார் மைக்கில்.

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. இப்படி ஒரு பெருந்தன்மையை அந்த ரோடு எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை. நாலைந்து பேர் கைகூடத் தட்டினார்கள். தவசிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊர் நம் பக்கம் திரும்புகிறது என்று பால்ச்சாமிக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

சௌந்தர் வாசித்தான்.

வீரபத்திரன் கண்ணை மூடினார். திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. கால் வேனின் தகரத்தில் தாளம் போட்டது. கிடார் ஏறி, இறங்கி, அழுது, அதட்டி, கடைசியில் பல்லவியில் கொண்டுவந்து அவரை விட்டது.

பால்ச்சாமி அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தார். வீரபத்திரன் தட்டிவிட்டார். மறுபடி இழுத்தார். ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் வீரபத்திரன்.

பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தால் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. எதிர் வேனில் சௌந்தர் நெஞ்சில் கைவைத்து, அவரைப் பார்த்துத் தலை குனிந்தான். சுதி பிசகாமல் கூடப் பாடியவருக்கு ஒரு பாட்டுக்காரன் செய்கிற மரியாதை. வீரபத்திரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜெயித்த அன்றைக்குக்கூட இத்தனை சந்தோஷம் இல்லை.

அப்புறம்தான், கையில் இருந்த மைக் உறைத்தது. அதில் தான் பாடிய பல்லவி ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது.

கல்லு நட்ட ராசா, கூரை எங்கே ராசா?

நாகஜோதி எழுந்தாள். வேர்வையில் ஊறிய காகிதம் அவள் முதுகோடு உரிந்து வந்தது. கல்லில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பயணியர் நிழற்குடை, அடிக்கல் நாட்டியவர் வீரபத்திரன், அதன் கீழே ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி.

"நல்லாத்தான் பாடுறீக, அண்ணாச்சி," என்றாள் அவள். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. "கூரை எங்கேன்னு நீங்களே கேட்டுட்டா, நாங்க இனி யாருகிட்டப் போயி கேக்க?"