ஸ்டிபே நின்ற இடம்

குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரத்து ஜாஸ் குழுவில் பழையவர்கள் இருவர்தான் மிச்சம். டிரம்பட்காரர் வியன்னாவில் வாத்தியாராகிவிட்டார். டிரம்ஸ்காரர் உல்லாசக் கப்பல்களில் வாசிக்கிறார். பியானோ வாசிக்கும் நெவென்காவும் டபுள் பாஸ் வாசிக்கும் ஸ்டிபேயும் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஓட்டினார்கள். ஆனால் சில மாதங்களாக ஸ்டிபேக்குப் பாட்டின் நடுவில் இடம் மறந்துபோகிறது. "வர்ற கச்சேரியோட அவரை நிறுத்திடுங்க, இல்லேன்னா நாங்க போயிடுறோம்" என்று புது ஆட்களில் சாக்ஸஃபோன் வாசிக்கும் டாமிர் நெவென்காவிடம் சொல்லிவிட்டான். நெவென்கா ஒப்புக்கொண்டாள், அன்றிலிருந்து அவளுக்கு ஜெபத்தில்கூட மனம் நிற்கவில்லை. கச்சேரியில் மூன்றாவது பாட்டின்போது ஸ்டிபே இரண்டு வரி தாவி முன்னால் போய்விட்டார். டாமிர்தான் முதலில் அவர் இருந்த இடத்துக்குத் தாவினான். பின்னாலேயே எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் ஸ்டிபே சிரித்தார். "என்னப்பா, எல்லாரும் ஒரே நேரத்துல வழி தவறிட்டீங்க! நான் மட்டும் பிடிச்சு நிக்கலேன்னா கச்சேரி கவுந்திருக்கும்." "ஆமாண்ணே, நீங்கதான் காப்பாத்துனீங்க" என்றான் டாமிர், நெவென்காவைப் பார்க்காமல். "சரி நெவென்கா, ஏதோ சொல்லணும்னியே, சொல்லு" என்றார் ஸ்டிபே. அவருடைய சட்டைப் பொத்தான்கள் எல்லாம் ஒரு துளை மாறிப் போடப்பட்டிருந்தன. நெவென்கா அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலிருந்து மறுபடி போட ஆரம்பித்தாள்.