மணியில் பழுதில்லை

மனித நாகரிகம் தன் நெடும் பயணத்தை முடித்துக்கொண்டு கடைசியில் வந்து அமர்ந்த இடம் இந்த ஊர்தான்.

பத்திரிகை ஒன்று ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருந்தது. அமெரிக்காவின் நடுமேற்கில் வாழத் தகுந்த ஊர்களில் முதலிடம். நகராட்சி அதைத் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்துவிட்டது. ஊரைச் சுற்றியுள்ள சோளக்காடுகளுக்கும் விஷயம் தெரியும்.

அந்த ஊரில், தன் வீட்டு வாசலில், தன் வீட்டு அழைப்புமணியின்முன் விரலை நீட்டிக்கொண்டு அவள் நின்றாள்.

அழுத்துவதா, வேண்டாமா?

உள்ளே மேசைமேல் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. வடை இருந்தது. காகிதத் தட்டு மரியாதையாக இருக்காது என்று எடுத்துத் துடைத்து வைத்த பீங்கான் தட்டுகள் இருந்தன.

எதிர்வீட்டு மார்சியைப் பொங்கலுக்கு அழைத்திருந்தாள். குப்பைத் தொட்டிகளை இருவரும் ஒரே நேரத்தில் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு காலையில். இந்த ஊரில் மனிதர்கள் சந்தித்துக்கொள்வது அப்போது மட்டும்தான். மற்ற நேரங்களில் கராஜ் வாயைத் திறக்கும், காரை விழுங்கும், மூடிக்கொள்ளும்.

“வர எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா!” என்று மார்சி நெஞ்சில் கை வைத்தாள்.

அவள் பிறந்த திருப்பூரில் “பாக்கலாங்க” என்றால் வரமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும்.

இங்கே “எவ்வளவு ஆசை” என்றால் வரமாட்டார்கள். அதை யாரும் சொல்லித் தரவில்லை.

சொன்ன நேரம் போய், வடையின் மொறுமொறுப்பும் போன பிறகுதான் அந்த நல்ல எண்ணம் வந்தது.

மணி கெட்டுப்போயிருக்கலாம்.

ஏன் கூடாது? குடிவந்த நாளிலிருந்து அதை யாரும் அழுத்தியதில்லை. பார்சல்காரர் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவிடுவார். கணவன் கராஜ் வழியாக வருவான். பாவம் மார்சி, அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாள்.

கைக்குக் கிடைத்த கோட்டை மாட்டினாள். தொப்பியைப் புருவம்வரை இழுத்தாள். மூக்குவரை துப்பட்டாவைச் சுற்றினாள். அந்தக் குளிரில் முகம் என்பது ஓர் ஆடம்பரம்.

காலையில் போட்ட கோலம் பனியில் வெள்ளையோடு வெள்ளையாகக் கிடந்தது. போட்டவளுக்கே தெரியவில்லை.

பின்னால் கதவு தானே சாத்தித் தானே பூட்டிக்கொண்டது. போனில் தட்டினால்தான் திறக்கும். போன், வடைக்குப் பக்கத்தில்.

அழுத்தினாள்.

உள்ளே கணீரென்று அடித்தது.

ஒரு பழுதும் இல்லை.

அழுத்தாமலே இருந்திருக்கலாம்.

மணியோடு இருந்த காமிராவில் நீல விளக்கு சுழன்றது. ஆபீசில் தன் போனில் வாசலைப் பார்த்த கணவனின் குரல் அதன் வழியே வந்தது. அவளிடம் ஒருநாளும் பேசியிராத குழைவான ஆங்கிலம்.

“மன்னிக்கணும் சார், எங்களுக்கு எதுவும் வேண்டாம். உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்.”

துப்பட்டாவை இறக்கி, “ஏனுங்க, நாந்தான்” என்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

மறுபடி அழுத்தினாள். பதில் இல்லை. மீட்டிங்கில் இருப்பான். குளிர் தாங்காமல் துப்பட்டாவை மறுபடி மூக்குவரை ஏற்றிக்கொண்டாள்.

எதிரே கராஜ் வாயைத் திறந்தது. மார்சியின் கார் வெளியே வந்தது. ஒரு கணம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மார்சி கை காட்டினாள். பெரிதாக, நிதானமாக.

அவளும் காட்டினாள். மனசு கொஞ்சம் ஆறிற்று. திடீர் வேலை வந்திருக்கும், பாவம்.

கராஜ் ஓரத்தில் ரகசிய எண் தட்டும் பொத்தான்கள் உறைந்து கிடந்தன. வாயால் ஊதி ஊதி இளக்கி, ஒருவழியாக உள்ளே போனாள்.

மேசைமேல் போன் துள்ளிக்கொண்டிருந்தது. தெருக்காரர்களின் குழு. காலையில் அவள் போட்ட பொங்கல் வாழ்த்துக்கு ஒரு கட்டைவிரல்கூட விழாத குழு.

கணவன் ஒரு படம் போட்டிருந்தான். வாசலில் முகம் மூடிய ஓர் உருவம்.

“சந்தேகத்துக்குரிய ஆள். இரண்டு முறை மணி அடித்தான். எல்லோரும் ஜாக்கிரதை.”

கீழே பதில்கள் குவிந்திருந்தன. ஒருவர் ஆளின் உயரத்தைக் கணித்திருந்தார். ஒருவர் தன் வீட்டு நாயை அவிழ்த்துவிட்டதாகச் சொன்னார். முதலிடம் பிடித்த ஊரிலேயே இப்படியா என்று ஒருவர் கண்ணீர் விட்டிருந்தார்.

மார்சியும் எழுதியிருந்தாள்.

“நானும் பார்த்தேன். அவனை நாம் பார்த்துவிட்டோம் என்று தெரியட்டும் என்றுதான் கை காட்டினேன்.”

முதல்முறையாகத் தெருவே அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. கணவன்.

“கதவத் தொறந்துறாத. வாசல்ல எவனோ ஒருத்தன் நின்னுட்டு இருந்தான். போயிட்டானான்னு சன்னல்ல பாரு.”

சன்னலுக்குப் போனாள். திரையை விலக்கிப் பார்த்தாள். பனியில் வாசற்படியிலிருந்து கராஜ்வரை காலடித் தடம்.

“போயிட்டானுங்க” என்றாள்.

கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள்.

அது கணவனுடைய கோட். போன குளிர்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் ஆபீஸ் போனான்.