நுனியில்லா நகங்கள்

நாளை நிச்சயதார்த்தம். ஈப்போ நகர அழகு நிலையமொன்றின் வெண்விளக்கின் கீழ் யோகேஸ்வரியின் வலக்கை ஒளிய இடமின்றிக் கிடக்கிறது. செயற்கை நகத்தை வார்ப்பதற்கான 'ஃபார்ம்' என்னும் காகித அச்சை அழகுக்கலைஞர் முஹ்ஸினா அவளது விரல் நுனிக்கடியில் செருகுகிறாள், அது நழுவுகிறது. அகலமான வேறோர் அச்சைத் தேர்ந்து, அதன் விளிம்பை வளைத்து வெட்டிச் செருகுகிறாள், அதுவும் விழுகிறது. "ஃபார்ம் நிக்கக் கொஞ்சமாச்சும் நகம் வேணும்லா அக்கா. இப்படிக் கடிச்சு வச்சிருக்கீங்களே!" உடன் வந்திருக்கும் மாப்பிள்ளையின் தங்கை கஸ்தூரி எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். "என்னா அண்ணி, வீட்ல சோறு போடலியா? அண்ணன்கிட்ட சொல்லவா?" யோகேஸ்வரியின் காது மடல்கள் சுடுகின்றன. முஹ்ஸினா குனிந்து இன்னோர் அச்சைத் தேடுகிறாள். திடீரெனக் கஸ்தூரியின் சிரிப்பு நின்றுபோகிறது. அவள் பார்வை போகும் இடத்தை அறிந்த பிறகே யோகேஸ்வரி உணர்கிறாள்: மடியில் மறைத்து வைத்திருந்த இடக்கையின் கட்டைவிரல் தன் பற்களுக்கிடையே இருக்கிறது.