மூணும் ஆறும்

மதியச் சங்கு ஊதி எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, மூணாம் நம்பர்க்காரன் கந்தல் துணியோடு ஆறாம் நம்பர் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதை ஓட்டுபவன் அவனுடைய தங்கையின் கணவன். இருவரும் முகம் கொடுத்துப் பேசி எட்டு மாதம் ஆகிறது.

அட்டைப்பெட்டி வெட்டும் அந்தக் கூடத்தில் ஆட்களுக்கு இயந்திரத்தின் எண்தான் பெயர். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனே மூணாம் நம்பர்தான். வந்த கொஞ்ச நாளிலேயே அவன் மேனேஜரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, பெரிய ஆர்டர்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துவிட்டான். மூணாம் நம்பர் இயந்திரம் பாதி நாள் சும்மா நின்றது.

முந்தின நாள் ஓர் இன்ஜினியர் பெண் வந்து, எட்டு இயந்திரங்களிலும் தீப்பெட்டி அளவில் ஒவ்வொரு சென்சார் பெட்டியைக் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஒவ்வொரு இயந்திரத்தையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, பேரிங் மாற்றி எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டாள். மேனேஜர் சுருக்கமாக முடித்தார். பெட்டிகள் ஒரு மாதம் அந்தந்த இயந்திரத்தின் எண்ணில் தகவல் அனுப்பும். அதை வைத்து ஓர் இயந்திரத்தைக் கழற்றுவார்கள், அதன் ஆளும் வீட்டுக்குப் போவான். பெட்டியில் கை வைத்தவனுக்கு அன்றைக்கே கணக்குத் தீர்க்கப்படும்.

சும்மா நிற்பதைத்தான் கழற்றுவார்கள் என்று டீ நேரத்தில் எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

"மச்சான் இனி வீட்லயே தூங்கலாம். அங்க மெத்தையாவது இருக்கு," என்றான் மாப்பிள்ளை, எல்லோர் காதிலும் விழும்படி.

"நீ திங்கிற சோறே நான் வாங்கிக் குடுத்த வேலையிலதான், மாப்ள."

அதற்கும் சேர்த்துத்தான் சிரித்தார்கள்.

இப்போது கந்தல் துணிக்குள் ஆறின் பெட்டி மூணுக்கு வந்தது, மூணின் பெட்டி ஆறுக்குப் போனது. எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மாதக் கடைசியில் எல்லோரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் இருந்த திரையில் எட்டுக் கோடுகள். மூணின் கோடு உச்சியைத் தொட்டிருந்தது, ஆறின் கோடு தரையோடு கிடந்தது. மாப்பிள்ளையின் முகம் வெளிறிப்போனது. மூணாம் நம்பர் ஒரு கணம் தங்கையை நினைத்தான். அப்புறம் நினைக்கவில்லை.

யாருக்காவது மறுப்பு உண்டா என்று மேனேஜர் கேட்டார்.

"பெட்டி பொய் சொல்லாது சார். அது காட்டுறபடியே செய்யுங்க," என்றான் மூணாம் நம்பர்.

இன்ஜினியர் பெண் எழுந்து உயரமான கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது ஓடின நேரம் இல்ல சார், மெஷின் ஆடுற ஆட்டம். ஆறு புதுசு மாதிரி இருக்கு, மூணு உள்ளுக்குள்ள தேஞ்சுபோச்சு, கழட்டிடலாம்."