தாய்மாமன் தள்ளாட்டம்

நிச்சயதார்த்தத் தட்டைக் கையில் வாங்கியதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் வேங்கடாசலம் தள்ளாடினார். தட்டு நழுவியது. தேங்காய் உருண்டுபோய்ச் சம்பந்தியின் காலடியில் நின்றது.

"தூ! இன்னிக்கும் ஊத்திக்கினு வந்துட்டியாடா?" மாப்பிள்ளையின் அம்மா ஸ்வர்ணலதா, தம்பியென்றும் பாராமல், அந்தப் புத்தூர் மண்டபமே கேட்கக் கத்தினாள்.

வேங்கடாசலம் ஏதோ சொல்ல வந்தார். நாக்குக் குழறியது. பின்வரிசையில் சிரிப்பு.

"வுடுங்க சம்பந்தியம்மா," என்றார் பெண்ணின் அப்பா, சித்தூர் கோவர்த்தனன். "குடிக்காத மாமன் எந்த வூட்ல இருக்கான்?"

பெருந்தன்மைதான்!

வேங்கடாசலத்தின் மகள் தரணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் நைனா பீடிகூடத் தொட்டதில்லை. அத்தையை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நைனா குடிக்கல அத்தை. அது நரம்பு நோவு. திருப்பதி டாக்டர் சொல்லிட்டாரு. முதல்ல நடை போவுமாம், அப்புறம் பேச்சு. பரம்பரையா வர்றதாம்."

அத்தை கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தாள்.

"எனக்கும் வரலாம். உங்களுக்கு இருந்தா மாப்பிள்ளை ஹேமநாத் அத்தானுக்கும் வரலாம். ரத்தம் குடுத்தா தெரிஞ்சிடும். பொண்ணு வூட்ல ஒரு வார்த்தை சொல்லிடலாம்."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? எங்க நைனாவும் இப்படித்தான் ஆடி ஆடிச் செத்தாரு."

தரணி திகைத்தாள். "தெரிஞ்சுக்கினேவா குடிகாரன்னு திட்டுனீங்க?"

"வேற இன்னா பண்றது? தாய்மாமனை மேடை ஏத்தாம கல்யாணம் பண்ண முடியுமா? குடிகாரன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. நோவுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? உன் நைனாவே ஒத்துக்கினான். அக்கா புள்ள நல்லா இருக்கட்டும்னான்."

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொல்லேன். அப்புறம் உன்னை எவன் கட்டுவான்னு அதையும் சொல்லிட்டுப் போ."

தாழ்ப்பாளைத் தொட்ட தரணியின் கை அங்கேயே நின்றது.

அத்தை நிதானமாக வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து அந்தக் கையில் திணித்தாள்.

"கல்யாணத்தன்னிக்கி இதை நைனா சட்டையில கொஞ்சம் தெளிச்சு வுடு, கண்ணு. குடிச்சவர் மேல வாடையே வரலியேன்னு சம்பந்தி கேக்குறாரு."