பூ உத்தரவு

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளியைத்தான் வைத்தேன்.

ஒன்றில் வெள்ளை, இன்னொன்றில் சிவப்பு வைக்க வேண்டும். வாழையிலையில் மடித்து, நார் சுற்றி, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பூசாரி அதை அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்.

அந்தக் கிணற்றை நம்பித்தான் துணிந்தேன். வைக்க வேண்டிய செவ்வரளி என் சட்டைப்பையில் இருந்தது.

அம்மனிடம் கேட்டது இதுதான்: என் தங்கை புருஷன் வீரமுத்து, கச்சிராயபாளையத்தில் கோமுகி வாய்க்கால் பாயும் இரண்டு ஏக்கர் கரும்பு நிலத்தை விற்று என் படத்தில் போடலாமா?

அவர்களுக்கு இருப்பதே அந்த இரண்டு ஏக்கர்தான்.

பதினோரு வருஷமாக நான் இயக்குநர் ஆகப்போகிறவன். கள்ளக்குறிச்சியில் ஒரு நகைக்கடைக்காரர், தன் மச்சினனை ஹீரோவாகப் போட்டால் பணம் தருவதாகச் சொன்னார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். மச்சினன்தான் கதையைக் கேட்டுவிட்டு மறுத்துவிட்டான். சங்கராபுரத்தில் ஒரு அரிசி ஆலைக்காரர் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். இரண்டாம் பாதியை அவருடைய நாய்க்குச் சொல்லி முடித்தேன். நாய்க்குக் கிளைமாக்ஸ் பிடித்திருந்தது.

வீரமுத்து மட்டும்தான் முழுக்கக் கேட்டார். கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கப் போய்த் திரும்பி வராத மனைவியைத் தேடுகிறவனின் கதை. கேட்டுவிட்டு அழுதார். துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பூ கேட்டுப் பாத்துடலாம் மச்சான். அம்மா சரின்னுச்சுன்னா கழனிய வித்துடறேன்" என்றார்.

பூ மடிக்கிற வேலையையும் என்னிடமே கொடுத்தார்.

"மச்சானே மடிக்கட்டும். கைராசிக்காரரு."

இந்தக் கை பட்ட மூன்று படங்கள் பாதியில் நிற்கின்றன. அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

பொட்டலம் எடுக்கப் பூசாரி என் தங்கையைக் கூப்பிட்டார். தேவிப்ரியா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். பூசாரி சூடம் கொளுத்தினார். அவள் அம்மன் காலடியில் நெற்றியை வைத்து வெகுநேரம் கிடந்தாள். எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் என் கணக்குப் பரீட்சைகளுக்கெல்லாம் அவள்தான் விரதம் இருப்பாள்.

எழுந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பூசாரி பிரித்தார்.

செவ்வரளி.

வீரமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த பொட்டலம் கிணற்றுக்குப் போனது.

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். என் செவ்வரளி அங்கேயேதான் இருந்தது.

அம்மன் பூவின் நிறத்தையே மாற்றிவிட்டாள் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பிவிட்டேன். சினிமாவிலேயே கிடந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

"இன்னா மச்சான், இப்புடி ஆய்ப்போச்சே" என்று வீரமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வர வேண்டிய அழுகை அவருக்கு வந்திருந்தது. "மனச வுட்றாதீங்க. நான் வண்டிய எடுத்தாறேன்."

அவர் போனதும் தேவிப்ரியா என்னை வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். முந்தானைக்குள் இருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு பொட்டலம். பிரிக்காதது.

"அம்மா கால்ல எடுத்தது இதுதாண்ணா. பூசாரிகிட்ட நீட்டுனது நான் வூட்லயே செவப்பு வச்சி மடிச்சி கொண்டாந்தது. பாப்பாவப் படிக்க வைக்க அந்தக் கழனிய வுட்டா வேற இன்னா கீது? ஒம்மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல வாய் வர்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தேகமில்லாமல் என் கூடப் பிறந்தவள்தான் என்று தோன்றியது.

"இதுலயும் செவப்புதான் இருக்கும், இல்லண்ணா?"

அம்மனும் தன் பக்கம்தான் இருப்பாள் என்ற நம்பிக்கையோடு நாரை அவிழ்த்தாள். நான் தடுத்திருக்கலாம். அவள் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வெள்ளரளி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா சரின்னுதாண்ணா சொல்லியிருக்குது. நாந்தான் குறுக்க பூந்து ஏமாத்திட்டேன். எம் பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுமாண்ணா?"

அம்மன் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டிலும் நான்தான் வெள்ளை வைத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரே வரி. மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் கதை சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு வரி பெரிய விஷயமில்லை.

தேவிப்ரியா மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவருகிட்ட உண்மையச் சொல்லிடறேண்ணா. திட்டுனாலும் பரவால்ல. கழனிய வித்து உனக்குக் குடுக்கச் சொல்றேன். எங் கொயந்த நல்லா இருந்தா போதும்."

ரோட்டில் வீரமுத்து வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்ப மறுத்தது. அவள் அவரை நோக்கி நாலு எட்டு வைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று திரும்பிப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"கண்ணத் தொடச்சிக்கினு போம்மா" என்றேன்.