மதியம் வராத சத்தம்

ஃபோட்டிஸ் கதவை விரலால் மெல்லத் தட்டினார். மணியை அடிக்கவில்லை. மதிய ஓய்வு நேரத்தில், கிரேக்க ஊரான கலமாட்டாவில் யாரும் யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை.

தியோனி பாதிக் கதவைத் திறந்தாள். உடுத்தியிருந்தது எல்லாம் கறுப்பு.

எதிர்வீட்டுக்காரரான ஃபோட்டிஸ் ஒரு தட்டு நிறைய அத்திப்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார். வாங்கின தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தச் சந்தில் கிடையாது.

"வீட்டைக் காலி பண்றேன் அக்கா. யார் யாரோட சாமான் எதெதுன்னு பிரிச்சிட்டிருந்தேன். இது..."

மேலே சொல்லாமல் தட்டை நீட்டினார்.

உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த கலியோப்பி எட்டிப் பார்த்தாள். தியோனியின் இறந்துபோன புருஷன் ஸ்ட்ராட்டோஸின் அக்காள். அன்று காலையில்தான் தம்பிக்கு நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்திருந்தது. கோயிலில் எல்லாருக்கும் கொடுத்ததுபோக, சர்க்கரையும் மாதுளை முத்தும் தூவின அவித்த கோதுமை கொஞ்சம் மேசையில் ஒரு தட்டில் மிச்சமிருந்தது.

"வாயுள்ள வண்டியோட வாயைப் பொத்திக்கிட்டு வந்து என் தம்பிய முடிச்சவன், இப்ப பழத்தோட வந்து நிக்கிறான் பாரு."

ஃபோட்டிஸ் தலையைத் தூக்கவில்லை.

அவருடையது மின்சார வண்டி. மெதுவாகப் போகும்போது பூனை நடை. ஆள் விலகட்டும் என்பதற்காகவே அதற்குள் ஒரு ரீங்காரத்தை வைத்துத்தான் விற்றிருந்தார்கள். ஆனால் அது பழைய மாதிரி. சத்தத்தை அணைக்க ஒரு பொத்தானும் இருந்தது. புது வண்டிகளில் அந்தப் பொத்தானே கிடையாது.

சந்தில் நடைபாதை இல்லை. சர்க்கரை நோயில் கண் மங்கிய ஸ்ட்ராட்டோஸ் காதை நம்பித்தான் வாசல்படி இறங்குவார். அன்றும் அப்படித்தான் இறங்கினார்.

ஏன் அணைத்தாய் என்று போலீஸ் கேட்டது. யாராவது அணைக்கச் சொல்லியிருந்தால் சொல்லிவிடு, தண்டனை குறையும் என்று வக்கீலும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை, எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்பதைத் தவிர ஃபோட்டிஸின் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. ஊர் முழுக்க இது தெரியும். பிடிக்கவில்லையாம், துரைக்குப் பிடிக்கவில்லையாம் என்று கலியோப்பி காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

நீட்டின தட்டு நீட்டினபடியே இருந்தது.

"யார் வீட்டுத் தட்டு அது?" என்றாள் கலியோப்பி.

தியோனி அத்திப்பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் போதும். ஒரு வரி. அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகாமல்கூட இருக்கலாம்.

"நம்மளுது இல்ல" என்றாள். "தப்பா கொண்டாந்துட்டார்."

ஃபோட்டிஸ் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு, நான்தான் மாற்றி நினைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று சொல்லித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். வண்டி வாசனையே இல்லாத சந்தில் இரண்டு பக்கமும் பார்த்து, நின்று, மறுபடி பார்த்து, அதன் பிறகே குறுக்கே நடந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவளின் கையைக் கலியோப்பி பிடித்துக்கொண்டாள். அந்தப் பாவியின் பழம் ஒன்றைக்கூட நீ தொடவில்லை, என் தம்பி நல்லவளைத்தான் கட்டியிருக்கிறான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சக் கோதுமையைக் கரண்டியால் வழித்துத் தின்றாள். கோதுமை குறையக் குறைய அடியில் தட்டின் நீலக்கரை தெரிந்தது. கரையோரம் ஒரு திராட்சை இலை. தியோனியின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த ஜோடியில் ஒன்று அது.

ஜோடியில் மற்றதை ஜூன் மாதத்தில் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனவள் தியோனிதான். அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, சூடு ஆறாமல். கண் அசரும் நேரம் பார்த்து அந்த ரீங்காரம் வந்து அவள் மண்டைக்குள் துளை போட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் கெடுகிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவருக்குக் கெடுகிறது என்று புருஷன் தலையில் போட்டாள். ஃபோட்டிஸ் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் சத்தம் தானாகத் திரும்பி வந்துவிடும். அதனால் தினமும் மதியம் சந்து முனையில் நினைவாக நிறுத்தி, பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஸ்ட்ராட்டோஸ் மதியத்தில் தூங்குகிற ஆளே இல்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பார். ரீங்காரம் வந்து எதிர்வாசலில் அடங்கின பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு முனையிலிருக்கும் முசுக்கட்டை மரத்து நிழலுக்குக் கிளம்புவார். அதற்கு முன்னால் ஒருநாளும் படி இறங்கினதில்லை.

சத்தம் நின்றுபோன முதல் வாரத்திலேயே அவர் கேட்டார்.

"என்ன தியோனி, ஃபோட்டிஸ் வண்டிச் சத்தத்தையே காணோம்?"

போய்ச் சொன்னது தெரிந்தால் சண்டைக்கு வருவார். அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"இப்பல்லாம் மதியம் அவர் வீட்டுக்கு வர்றதில்லையாம்."